இரைப்பைப் புற்றும் மூவகைச் சிகிச்சையும்



கதிர்வீச்சு, கீமோதெரபி, இம்யூனோதெரபி ஆகிய மூன்றையும் சேர்த்து அளித்தால் முற்றிய இரைப்பைப் புற்றும் தீர்ந்துவிடும் என்றொரு பேச்சு நம் ஆண்டர்சன்பேட்டையில் உலவுகின்றது. நகையை அடகு வைத்து மருந்து வாங்கும் குடும்பங்கள் இதனை அப்படியே நம்பிவிடலாகாது. நான் மருத்துவன் அல்லேன், ரயில்வே குமாஸ்தா. படித்துத் தெரிந்துகொண்டதையே இங்கு எழுதுகின்றேன்.

கதிரையும் மருந்தையும் இணைப்பது நமக்குப் புதிதன்று. 1954இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வாய்ப்புற்றுக்கு அம்முறையை ஆராய்ந்தனர். ஆனால் வாய் வேறு, இரைப்பை வேறு. இரைப்பை உணவுக்கேற்ப விரிந்து சுருங்குவது. அருகிலேயே கல்லீரலும் சிறுநீரகமும் உள்ளன. அன்றியும், கதிர் பட்ட இடத்தில்தான் வேலை செய்யும். நோய் பிற உறுப்புகளுக்குப் பரவியபின், இரத்தத்தோடு உடலெங்கும் செல்லும் கீமோதெரபியே சிகிச்சைக்கு அடிப்படை.

அதனால் கதிர் பயனற்றது என்று எண்ணற்க. புற்றிலிருந்து இரத்தம் கசிந்து, மலம் தார்போல் கறுத்து, நோயாளி வெளுத்துத் தளரும்போது, சில நாள் கதிர்வீச்சே பலருக்கு அக்கசிவை நிறுத்துகின்றது. அது நோயைத் தீர்ப்பதற்கன்று, துன்பத்தைக் குறைப்பதற்கு. இந்த வேறுபாட்டை மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்டறிதல் வேண்டும்.

இனி இம்யூனோதெரபி. நம் உடலின் காவல் அணுக்களுக்கு இயற்கையே ஒரு தடைக்கட்டை வைத்துள்ளது. புற்று அக்கட்டையை அழுத்திக் காவலை நிறுத்திவிடுகின்றது. இம்மருந்து கட்டையை விடுவிக்கின்றது. இவ்வழியைக் கண்ட ஆலிசன், ஹோஞ்சோ இருவரும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். 2021இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், கீமோதெரபியுடன் நிவோலுமாப் பெற்றவர்களுள் பி.டி.எல்.1 என்னும் அடையாளம் போதிய அளவு இருந்தோரின் இடைநிலை ஆயுட்காலம் 11.1 மாதத்திலிருந்து 14.4 மாதமாயிற்று. சிலர் அதனினும் நெடுங்காலம் வாழ்ந்தனர். ஆகவே பி.டி.எல்.1, எம்.எஸ்.ஐ., ஹெர்-2 சோதனைகளின் முடிவைப் பாராமல் விலையுயர்ந்த ஊசிக்குக் கடன் வாங்குதல் தகாது. ஹெர்-2 மிகுந்தோருக்கு வேறு மருந்தும் உண்டு.

மூன்றையும் இணைப்பதற்கு நியாயம் இல்லாமலில்லை. கதிரால் சிதையும் புற்றணுக்களின் துணுக்குகள் காவல் அணுக்களுக்குப் பகைவனைக் காட்டிக் கொடுக்கக்கூடும். ஆயினும் முற்றிய இரைப்பைப் புற்றில் இது இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளது. கூட்டுவதெல்லாம் நன்மையாவதில்லை. அறுவைக்கு உரிய 574 நோயாளிகளிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வைப் பாருங்கள்: அறுவைக்குமுன் கீமோதெரபியோடு கதிரையும் சேர்த்ததில், கட்டி முற்றும் கரைந்தோர் தொகை உயர்ந்தது, ஆயுளோ நீளவில்லை.

பெங்களூர் கித்வாய் நிலையத்துக்கோ, காட்பாடி வழியே வேலூருக்கோ செல்வோர்க்கு ஒரு செய்தி. இது என் தொழிலைச் சார்ந்தது. சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு, மருத்துவமனைச் சான்றிதழின் பேரில், ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் கட்டணம் இல்லை. துணைக்குச் செல்பவருக்கு நூற்றுக்கு 75 சலுகை. இரண்டாம் வகுப்பில் இருவருக்கும் 75. பலர் இதனை அறியாமல் முழுக் கட்டணமே செலுத்திச் செல்கின்றனர். சான்றிதழை டிக்கெட் வாங்கும்போதே காட்ட வேண்டும்.