ஓடும் வண்டி நின்றுபோனால்: பழைய கார் விற்பனையும் நம் அமானத்தும்



தூத்துக்குடி முதல் கீழக்கரை வரை நீளும் நம் முத்துக்குளிக் கரையில் பழைய கார் கைமாறாத தெரு இல்லை. வெளிநாட்டில் உழைப்பவர் ஊரிலுள்ள வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் மருத்துவமனைப் பயணத்திற்காக ஒரு வண்டி வாங்கித் தருகிறார். சில ஆண்டுகளில் அது மைத்துனர் கைக்குப் போகிறது. பிறகு தரகர் வழியாக முன்பின் அறியாத ஒரு குடும்பத்திடம் சேர்கிறது. இப்படிக் கைமாறும் வண்டிகளைப் பற்றி அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: “ஓடிக்கொண்டிருக்கும்போது சில நேரம் நின்றுவிடும், சாவியை மறுபடி திருப்பினால் கிளம்பிவிடும்.” வீட்டுக்குள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். விற்கும் நாளில் இதைச் சொல்வதே இல்லை. அந்த மௌனத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் பேச விரும்புகிறோம்.

முதலில் கோளாறு இன்னதென்று அறிந்துகொள்வோம். சாவியைச் செருகித் திருப்பும் பூட்டின் பின்னால் இக்னிஷன் சுவிட்ச் இருக்கிறது. சாவி நிற்கும் ஒவ்வொரு நிலையிலும் எந்தெந்த மின்சுற்றுக்கு மின்சாரம் போகவேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. வண்டி ஓடும்போது சாவி ‘ஆன்’ நிலையில் அசையாமல் நிற்கவேண்டும். உள்ளேயுள்ள சிறிய ஸ்பிரிங்கும் பிடிமுனையும் அதை அங்கே நிறுத்திவைக்கின்றன. வயதான வண்டியில் இப்பிடிப்பு தேய்ந்து தளர்கிறது. உள்ளிருக்கும் தொடுமுனைகள் கருகுகின்றன. கடலோர உப்புக் காற்றில் துருவும் ஏறுகிறது. கூடுதல் விளக்கு, பெரிய ஹாரன், பாட்டுப்பெட்டி ஆகியவற்றை ரிலே இல்லாமல் நேரே இந்தச் சுவிட்சில் இணைத்தால் தாங்கவேண்டிய மின்சாரம் மிகுந்து, தொடுமுனைகள் இன்னும் விரைவாகக் கருகும். அதன்பின் ஒரு பள்ளத்தில் சக்கரம் விழுந்தாலே போதும். ஒரு கணம் மின்சாரம் அறுந்து எஞ்சின் நின்றுவிடும்.

எஞ்சின் நின்றால் வேகம் மட்டும் குறைவதில்லை. பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் ஸ்டீயரிங் திடீரென்று கனத்துப்போகும். பிரேக்குக்குத் துணைநிற்கும் வெற்றிட விசை ஓரிரு மிதிப்புகளுக்கே மிஞ்சியிருக்கும். அதன்பின் முழு பலத்துடன் மிதிக்கவேண்டும். ஏர்பேக் உள்ள வண்டியில், சாவி நிலைமாறிவிட்டால் அது விரியாமலும் போகலாம். துறைமுகச் சாலையில் முன்னால் உப்பு லாரியும் பின்னால் கண்டெய்னர் லாரியும் ஓடும் நேரத்தில் இது நிகழ்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இது உலகறிந்த ஒரு வழக்கும்கூட. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் செவ்ரோலே கோபால்ட், சாட்டர்ன் அயான் முதலிய கார்களில் பொருத்திய இக்னிஷன் சுவிட்சின் பிடிப்பு, அந்நிறுவனமே வகுத்த அளவைவிடத் தளர்வாக இருந்தது. 2002ஆம் ஆண்டிலேயே அந்தக் குறையுடன் அதற்கு ஒப்புதல் தரப்பட்டது. முழங்கால் இடித்தாலோ, கனத்த சாவிக்கொத்து ஆடினாலோ, சாலை குலுக்கினாலோ சாவி தானே நழுவி எஞ்சின் நின்றது. முறையீடுகள் வந்தபோது, 2005இல் விற்பனையாளர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பப்பட்டது. சாவி வளையத்தில் கனமான பொருள்களைத் தொங்கவிட வேண்டாமென்று வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள் என்பதே அதன் சாரம். 2006இல் சுவிட்சின் வடிவம் திருத்தப்பட்டது. ஆனால் உதிரிபாக எண் மாற்றப்படவில்லை. பழையதும் புதியதும் ஒரே எண்ணில் இருந்ததால், விபத்துகளை ஆராய்ந்தவர்களால் காரணத்தை எளிதில் கண்டுபிடிக்க இயலவில்லை. 2010இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் இளம்பெண் இறந்தார். அவருடைய பெற்றோர் தொடுத்த வழக்கில், பழைய சுவிட்சையும் புதிய சுவிட்சையும் பிரித்து ஒப்பிட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. வண்டிகளைத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு 2014 பிப்ரவரியில் வந்தது. அவற்றின் எண்ணிக்கை சுமார் 26 லட்சமாக உயர்ந்தது. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியம் 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. 2015இல் அமெரிக்க அரசுக்கு 90 கோடி டாலர் செலுத்த நிறுவனம் உடன்பட்டது.

அந்த விவகாரத்தில் நம் உள்ளத்தைத் தைப்பவை இரண்டு. ஒன்று, ஓடும் கார் நின்றுபோவதை அந்நிறுவனத்தார் தொடக்கத்தில் உயிர்ப் பாதுகாப்புக் குறையாகக் கருதவில்லை. வாடிக்கையாளரின் வசதிக்கு நேர்ந்த குறைவு என்றே வகைப்படுத்தினார்கள். பெயர் இலேசானதும் பொறுப்பும் இலேசாகிவிட்டது. மற்றொன்று, 2014இல் வெளியான விசாரணை அறிக்கை சுட்டிய ஒரு பழக்கம்: கூட்டத்தில் எல்லோரும் ஆமென்று தலையசைப்பார்கள், வெளியே வந்தபின் ஒருவரும் எதையும் செய்யமாட்டார்கள். நம் வீட்டுப் பேச்சுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? ‘மறுபடி கிளம்பிவிடும்’ என்று நாமும் அதை வசதிக்குறைவாகவே பேசுகிறோம். ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று எல்லோரும் தலையசைக்கிறோம்.

சட்டம் காக்காதா என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டில் 2012 முதல் வாகன உற்பத்தியாளர்கள் தாமாகவே குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும் வழக்கம் நடைமுறைக்கு வந்தது. 2013இல் அதே ஜெனரல் மோட்டார்ஸின் இந்தியக் கிளை, புகை அளவு முதலிய காரணங்களுக்காக 1,14,000 டவேரா வண்டிகளைத் திரும்ப அழைத்ததை நம்மில் பலர் அறிவோம். 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு ஆணையிடும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆயினும் இவ்விதிகள் 7 ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே பொருந்தும். நம் தெருக்களில் கைமாறுபவையோ பெரும்பாலும் அந்த வயதைக் கடந்தவை. மேலும், உற்பத்தியில் நேர்ந்த குறைக்குத்தான் நிறுவனம் பொறுப்பு. தேய்மானத்திற்கும் தவறான ஒயரிங்குக்கும் அல்ல. ஆக, பழைய காரைப் பொறுத்தவரை சட்டத்தின் கை எட்டாத இடத்தில் மிஞ்சியிருப்பது விற்பவரின் ஈமான்தான்.

இந்த இடத்தைப் பற்றி மார்க்கம் மௌனமாக இல்லை. தானியக் குவியலுக்குள் கைவிட்டு, விரல்களில் ஈரம் பட்டதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்த வணிகரைக் கேட்ட கேள்வியைச் சிறுவயது முதலே கேட்டு வளர்ந்திருக்கிறோம். மழையில் நனைந்துவிட்டது என்றார் அவர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்தை நாயகம் (ஸல்) உரைத்தார்கள். மழை அவர் செய்த தவறன்று. ஈரத்தைக் கீழே மறைத்ததுதான் தவறு. சுவிட்ச் தேய்வதும் உங்கள் தவறன்று. தேய்ந்ததை அறிந்தும் சொல்லாமல் விற்பதே தவறு.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எடுத்தெழுதும் நிகழ்ச்சி நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. சந்தையில் ஒருவர் ஒட்டகம் வாங்கிக்கொண்டு போகிறார். நபித்தோழர் வாஸிலா (ரலி) அவர்கள் பின்னாலேயே விரைந்து சென்று, இதை இறைச்சிக்காக வாங்கினீரா, சவாரிக்காகவா என்று கேட்கிறார்கள். சவாரிக்கு என்றதும், இதன் குளம்பில் ஓட்டை உண்டு, தொடர்ந்த பயணத்தை இது தாங்காது என்று தெரிவிக்கிறார்கள். வாங்கியவர் திரும்பி வந்து கேட்க, விற்றவர் விலையில் 100 திர்ஹம் குறைக்க நேர்கிறது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று அவர் வருந்தியபோது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் தாம் வாக்களித்திருப்பதை வாஸிலா (ரலி) நினைவூட்டுகிறார்கள். ஒட்டகம் அன்றைய வாகனம். அதன் குளம்பு பழுதானால் பயணி பாலைவனத்தில் நின்றுவிடுவார். வாஸிலா (ரலி) விற்றவருமல்லர், வாங்கியவருமல்லர். அறிந்தவர், அவ்வளவுதான். ஆகவே பழுதை அறிந்த மெக்கானிக்கும் தரகரும் பக்கத்து வீட்டுக்காரரும் இந்தக் கடமையிலிருந்து விலகி நிற்க முடியாது.

“உள்ளது உள்ளபடி விற்கிறேன், பிறகு எதற்கும் பொறுப்பில்லை” என்று சொல்லிவிட்டால் போதுமே என்று சிலர் வாதிடுகிறார்கள். குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனையை நம் ஃபுகஹாக்கள் நுணுகி ஆராய்ந்திருக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, உயிருள்ள பிராணியின் உள்ளே மறைந்திருந்து விற்றவரும் அறியாதிருந்த குறைக்கு மட்டுமே அந்த நிபந்தனை விலக்குத் தரும். ஹனஃபி மத்ஹபில் அந்த நிபந்தனை செல்லும். எனினும் தெரிந்த குறையை மறைத்து ஏமாற்றுவதை அது ஹலாலாக்கிவிடாது. குறையைக் கண்ட வாங்குபவருக்குத் திருப்பித் தரும் உரிமை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் அதைக் கண்டவுடனே தாமதமின்றிக் கோரவேண்டும். மாதக்கணக்கில் ஓட்டிவிட்டுத் திருப்புவதும் நியாயமாகாது.

நம் கரையின் பழைய தொழிலே இதற்கு ஒரு பாடம். முத்துச் சலாபத்தின் நாட்களில் சிப்பிகள் திறக்கப்படாமலே ஆயிரக்கணக்கில் ஏலம் போயின. உள்ளே ஆணிமுத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. சிப்பிக்குள் இருக்கும் முத்தை விலைபேசுவதையே நம் அறிஞர்கள் ‘கரர்’, அதாவது விளைவறியா வணிகம், என்று எச்சரித்தார்கள். இருவரும் அறியாத இடத்திலேயே இவ்வளவு பேணுதல் என்றால், ஒருவர் அறிந்து மற்றவர் அறியாத விற்பனையை என்னவென்று சொல்வது? முத்து பொய்த்தால் பணம் மட்டும் போகும். கார் பொய்த்தால் ஒரு குடும்பமே போகக்கூடும்.

சொன்னால் விலை குறையுமே என்ற அச்சம் இயல்பானதுதான். ஆனால் இந்தச் சுவிட்சை மாற்றும் செலவு, காரின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. மாற்றிவிட்டு விற்கலாம், அல்லது சொல்லிவிட்டு அந்தத் தொகையைக் குறைத்துக்கொள்ளலாம். உண்மையைச் சொல்லித் தெளிவுபடுத்திய இருவரின் வணிகத்தில் பரக்கத் உண்டு என்பது நபிமொழியின் கருத்து. எல்லாம் விதிப்படிதான் நடக்கும் என்போர், ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கச் சொன்ன நாயகத்தின் (ஸல்) அறிவுரையை மறந்துவிடக் கூடாது.

இனி, இன்றே செய்யக்கூடியவை. வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து எஞ்சினை இயக்குங்கள். சாவியை மெல்ல அசைத்துப் பாருங்கள். எஞ்சின் தடுமாறினாலோ, முகப்பு விளக்குகள் சிமிட்டினாலோ தாமதிக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வீட்டுச் சாவி, கடைச் சாவி, பூட்டு என்று கொத்தாகத் தொங்குவதை அகற்றி, கார் சாவியைத் தனியே வையுங்கள். கூடுதல் விளக்கும் ஹாரனும் இருந்தால் அவற்றை ரிலே வழியே இணைக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் பம்பின் கோளாறோ பேட்டரி இணைப்பின் தளர்வோகூட வண்டியை நிறுத்தலாம். ஆகவே சுவிட்சை மாற்றிய பின்னும் நின்றால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

ஓடும்போதே நின்றுவிட்டால் பதறவேண்டாம். ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் இறுகப் பிடியுங்கள். எச்சரிக்கை விளக்கைப் போடுங்கள். பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தமாக மிதித்து இடப்புற ஓரத்திற்குக் கொண்டுவாருங்கள். வண்டி முழுவதும் நிற்கும்வரை சாவியை உருவாதீர்கள். உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். இதை வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும், பெண்மக்களுக்கும் சேர்த்து, சொல்லிக்கொடுங்கள்.

மஹல்லா ஜமாஅத்துகளிடம் ஒரு வேண்டுகோள். நிலம் விற்கும்போது வில்லங்கம் பார்க்கிறோம். வாகன விற்பனைக்கும் ஒரு தாள் போதும். அறிந்த குறைகள் இவை, பழுதுபார்த்தவை இவை, பார்க்காதவை இவை என்று விற்பவர் எழுதிக் கையெழுத்திட்டு, வாங்குபவரிடம் தரட்டும். ஜும்ஆ பயானில் ஒரு முறை இதைச் சொல்லட்டும். ஊர் மெக்கானிக்குகளை அழைத்து, ஒரு மாலை பள்ளிவாசல் முற்றத்தில் வண்டிகளைச் சோதிக்கச் செய்யட்டும். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று ஏற்றவர்கள் நாம். சாலை நடுவே நின்றுபோகும் காரும் பாதையில் கிடக்கும் இடையூறுதான்.

நம் கையிலிருந்து போன வண்டியில் இன்று யாரோ ஒருவர் தம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறார். அதன் குறையை அறிந்தும் சொல்லாதிருந்தால், அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்ல இன்றும் நேரம் இருக்கிறது. பணத்தின் ஒரு பகுதியைத் திருப்பித் தரவேண்டி வந்தாலும் அது நட்டமன்று. வல்ல அல்லாஹ் நம் வணிகத்தில் வாய்மையையும், பயணங்களில் பாதுகாப்பையும், உழைப்பில் பரக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.