சேர்றதுக்கு ஒரு ஓடிபி, விலகுறதுக்கு ஒன்பது வாசப்படி

போன வருஷம் தை மாசம் தங்கச்சிக்குக் கல்யாணம். ஆலங்குடி பக்கம் எங்க ஊர்லயே பந்தல் போட்டு, மொய் நோட்டு எழுதி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. வரன் கிடைச்ச கையோட அம்மாவே அந்த வரன் தேடுற ஆப்பைத் திறந்து 'திருமணம் நிச்சயமாகிவிட்டது'ன்னு அமுக்கிட்டு, ஆப்பைப் போனை விட்டே தூக்கிட்டாங்க. வேலை முடிஞ்சதுன்னு நாங்களும் நினைச்சோம்.

ஆனி மாசம் அம்மா நம்பருக்கு ஒரு போன். "பொண்ணு போட்டோ பார்த்தோம், ஜாதகம் அனுப்புறீங்களா?" அம்மா சிரிச்சுகிட்டே "கல்யாணம் ஆயிருச்சுங்க"ன்னு வெச்சுட்டாங்க. மூணாவது போன் வந்தப்ப சிரிப்பு போயிருச்சு. அதோட விட்டுச்சா? சம்பந்தி வீட்டுச் சொந்தக்காரர் ஒருத்தர், தன் பையனுக்குப் பொண்ணு தேடுறப்ப அதே ஆப்புல தங்கச்சி போட்டோவைப் பார்த்துட்டு, நேரா அவ மாமியார்கிட்டயே போய், "என்னங்க, உங்க மருமகளுக்கு இன்னும் வரன் பாக்குறாங்களா?"ன்னு கேட்டிருக்கார். அன்னைக்கு ராத்திரி தங்கச்சி அழுதுகிட்டே போன் பண்ணினா. சமாதானம் சொல்ல அம்மா மறுநாள் பஸ் ஏறிப் போகவேண்டியதாப் போச்சு.

சரி, பொட்டி தட்டுற அண்ணன் எதுக்கு இருக்கான்னு நான் உக்காந்தேன். செட்டிங்ஸ், அதுக்குள்ள பிரைவசி, அதுக்குள்ள 'புரொஃபைலை மறைக்க'. ஒரு வாரம் மறைக்கலாம், ஒரு மாசம் மறைக்கலாம். அழிக்க? வழியே இல்லை. ஹெல்ப் பக்கத்துல கடைசி வரியில ஒரு போன் நம்பர். அந்தப் பக்கம் பேசின பொண்ணு, "சார், கல்யாண போட்டோ அனுப்புங்க, வெரிஃபை பண்ணிட்டுச் சொல்றோம்"னு சொன்னாங்க. அவங்க மேல தப்பில்லை, எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க மக்களே. சேரும்போது நாலு இலக்க ஓடிபி போதும். விலகணும்னா தாலி கட்டின போட்டோ கேக்குது. ஒன்பது நாள் அலைஞ்சேன்.

இத்தனைக்கும் இதுக்கு ரூல் இல்லாம இல்லை. கணக்கு துவங்க வசதி இருக்குற ஆப், கணக்கை அழிக்கவும் ஆப்புக்குள்ளயே வசதி தரணும்னு ஆப்பிள் 2021-ல சொல்லிருச்சு. அவகாசம் கொடுத்து, 2022 ஜூன் 30-ல இருந்து கட்டாயம். தற்காலிகமா முடக்கி வைக்கிறது போதாது, போன் பண்ணு, மெயில் போடுன்னு அலைய விடக்கூடாதுன்னும் தெளிவா எழுதியிருக்காங்க. வங்கி மாதிரி கடுமையான சட்டக் கட்டுப்பாடு உள்ள துறைகளுக்கு மட்டும்தான் அதுல விலக்கு. கூகுள் 2023 ஏப்ரல்ல அறிவிச்ச விதி ஒரு படி மேல. ஆப்புக்குள்ள ஒரு வழி, வெளியே வெப் பக்கத்துல ஒரு வழி, ரெண்டும் வேணும். எங்கம்மா மாதிரி ஆப்பை எடுத்துட்டவங்க, அழிக்கிறதுக்காகவே மறுபடி இன்ஸ்டால் பண்ணக்கூடாது பாருங்க. அதுக்கான கெடுவும் நீட்டிப்பெல்லாம் சேர்த்து 2024 மே 31-ஓட முடிஞ்சுது.

அப்புறம் ஏன் இந்தக் கூத்து? இங்கதான் நான் என் வண்டவாளத்தை எடுத்து விடணும்.

எங்க ஆபீஸ்லயும் ஒரு ஆப் உண்டு (வரன் ஆப் இல்லீங்க, வேற). இந்த விதியைக் காட்டி ஒருநாள் ரிஜெக்ட் ஆகி வந்துச்சு. டேமேஜர் சொன்னார், "ஒரு பட்டன் வை, அமுக்கினா மெயில் திறக்கட்டும்." வெச்சேன். மறுபடி ரிஜெக்ட். அடுத்து என்ன செஞ்சோம்? பட்டனை அமுக்கினா டேட்டாபேஸ்ல 'இஸ் டெலிட்டட்'ங்கிற ஃப்ளாக் 0-ல இருந்து 1-க்கு மாறும். லாகவுட் ஆகும். 'உங்கள் கணக்கு அழிக்கப்பட்டது, மிஸ் யூ'ன்னு ஒரு அழுமூஞ்சி பொம்மை வரும். பேரு, போன் நம்பர், முகவரி எல்லாம் இருந்த இடத்துலயே இருக்கும். அப்ரூவல் வந்துச்சு. டீமுக்கு பிரியாணி வந்துச்சு. நானும் ரெண்டு பீஸ் தின்னேன்.

ஸ்டோர்ல இருந்து சோதிக்கிறவரால பட்டனைத்தான் பார்க்க முடியும். எங்க சர்வருக்குள்ள வந்து டேபிளைப் பார்க்க முடியாது. ப்ளே ஸ்டோர்ல 'தரவை அழிக்கக் கோரலாம்'னு போட்டிருக்கே, அது ஆப் செஞ்சவனே பூர்த்தி பண்ணின படிவம். பரீட்சை எழுதினவனே மார்க் போட்டுக்குற மாதிரி. ஆப்பிளும் கூகுளும் வாசல்ல நிக்கிற காவல்காரன். வீட்டுக்குள்ள நடக்குற திருட்டுக்கு நாமதான் பொறுப்பு.

இதைச் சொன்னா நம்ம ஆளுங்க வழக்கமா மூணு சாக்கு சொல்லுவாங்க.

ஒண்ணு, "சட்டப்படி வெச்சிருக்கணும் பாஸ்." சரி, ஜிஎஸ்டி சட்டம் கணக்குப் புத்தகத்தை வருஷாந்திர ரிட்டர்ன் கெடுவுல இருந்து 72 மாசம் வெச்சிருக்கச் சொல்லுது. பில்லை வெச்சுக்கோ, யார் வேணாம்னா? என் தங்கச்சி பட்டுப்புடவை போட்டோ எந்த ரிட்டர்ன்ல வருது? சட்டத்துக்காக வைக்கிறதை வைக்கலாம்னு கூகுள் விதியே ஒத்துக்குது. எதை, எதுக்காக வைக்கிறோம்னு சொல்லிட்டு வைன்னுதான் கேக்குது.

ரெண்டு, "வரிசையைத் தூக்கினா மத்த டேபிளெல்லாம் உடையும்." இன்ஜினியரிங் படிச்சவன் சொல்ற பேச்சா இது? வரிசை இருக்கட்டும். பேரு, நம்பர், போட்டோ, பிறந்த தேதியை அழிச்சுட்டு வெறும் ஐடியை விடு. பேக்கப்ல இருக்கேங்கறியா, பேக்கப்புக்கு ஒரு ஆயுசு வை, அது முடிஞ்சா தானா போகும். மனசு மாறித் திரும்பி வருவாங்கன்னா 30 நாள் பொறு, அதுக்கப்புறம் ஒரு ராத்திரி ஜாப் ஓடி நிஜமா அழிக்கட்டும். ஒரு ஸ்பிரின்ட் வேலை.

மூணாவதுதான் நிஜக் காரணம், யாரும் வாய் விட்டுச் சொல்ல மாட்டாங்க. 'எங்ககிட்ட இத்தனை லட்சம் பயனர்கள்'னு முதலீட்டாளருக்குக் காட்டணும். கல்யாணமாகிப் போன பொண்ணும் அந்தக் கணக்குல ஒரு தலை. அவ வாழ்க்கையில என்ன புயல் அடிச்சாலும் எக்ஸெல்ல அவ ஒரு நம்பர்.

நம்ம அரசாங்கமும் 2023 ஆகஸ்ட்ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்துச்சு. சம்மதம் கொடுக்குறது எவ்வளவு சுலபமோ, திரும்ப வாங்குறதும் அவ்வளவு சுலபமா இருக்கணும்னு ஆறாவது பிரிவு சொல்லுது. அழிக்கச் சொல்லிக் கேக்குற உரிமை 12-வது பிரிவுல இருக்கு. அருமையான வரிகள். ஆனா விதிமுறைகள் வெளிவந்தது 2025 நவம்பர்ல. முக்கியமான கடமைகளுக்கு அதுலயும் 18 மாச அவகாசம். ஐரோப்பாக்காரனுக்கு இதே உரிமை 2018 மே மாசமே நடைமுறைக்கு வந்துருச்சு. அவனுக்கு அழிக்கத் தெரிஞ்ச அதே கோடு, புதுக்கோட்டைக்காரிக்கு மட்டும் மறந்துபோகுமா?

எங்க பக்கத்து மொய் விருந்து பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம்னு ஆடி மாசம் வந்தா பந்தலும் கிடாக்கறியுமா இருக்கும். கோடிக்கணக்குல பணம் புரளுற விஷயம். கையில இருக்குறது ஒரு நோட்டு, அவ்வளவுதான். எனக்கு ஒருத்தர் ஆயிரம் செஞ்சா, நான் திருப்பிச் செய்யும்போது மேல கொஞ்சம் போட்டுச் செய்யணும். உறவு தொடருதுன்னு அர்த்தம். வேணாம்னு நினைச்சா, வாங்கினதை மட்டும் அப்படியே திருப்பிச் செஞ்சாப் போதும். கணக்கு முடிஞ்சுது. ஏன் முடிக்கிறேன்னு யாரும் போட்டோ கேக்க மாட்டாங்க. 'மிஸ் யூ'ன்னு அழ மாட்டாங்க. பேரை அடிச்சுட்டு அடுத்த பக்கம் போயிருவாங்க. எட்டாங்கிளாஸ் தாண்டாத பெரியப்பா நோட்டுல இருக்குற இந்த நாகரிகம், கிளவுட் சர்வர் வெச்சிருக்குற நம்மகிட்ட இல்லை.

அதனால பொட்டி தட்டுற சகபதிவர்களே, ஆப்பிள் திட்டினா செய்யலாம், சட்டம் வந்தா செய்யலாம்னு இருக்காதீங்க. அடுத்த முறை 'கணக்கை அழி' டிக்கெட் உங்க தலையில விழுந்தா, ஃப்ளாக் மாத்திட்டு க்ளோஸ் பண்ணாதீங்க. "எதை அழிக்கிறோம், எதை வைக்கிறோம், எத்தனை நாள்?"னு மீட்டிங்ல ஒரு கேள்வி கேளுங்க. முறைப்பாங்க. முறைக்கட்டும்.

போன வாரம் நான் கேட்டேன். டேமேஜர் முறைச்சார். ரெண்டு நாள் இழுத்துட்டு, "சரி, அடுத்த ரிலீஸ்ல போடு"ன்னார். இப்ப அந்த ராத்திரி ஜாப் எழுதிகிட்டு இருக்கேன். தின்ன பிரியாணிக்குப் பிராயச்சித்தம்னு வெச்சுக்குங்க :)

பி.கு: ஒன்பதாம் நாள் அந்த வரன் ஆப்புல இருந்து 'உங்கள் கணக்கு அழிக்கப்பட்டது'ன்னு மெயில் வந்துச்சு. நிஜமாவே அழிச்சாங்களா, இல்ல அங்கயும் என்னை மாதிரி ஒருத்தன் 0-வை 1 ஆக்கிட்டுப் போனானான்னு எனக்குத் தெரியாது. அம்மா போன் அடிக்கும்போதெல்லாம் இன்னும் திக்குங்குது.