கோவில்பட்டிக்கு ஒரு டிக்கெட்

"ஹாக்கி பார்க்க கோவில்பட்டியா? எழும்பூர்லயே ஸ்டேடியம் இருக்கேப்பா!" என்றார் எங்கள் பீர்க்கன்கரணை ஹவுஸ் ஓனர்.

இருக்கிறது சார். ஆனால், பெனால்டி கார்னருக்காக டீக்கடையில் சண்டை போடுகிற ஊர் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியின் மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊர்ப் பையன்!

மே மாதம் லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை. வெள்ளி ராத்திரி தாம்பரத்தில் நெல்லை எக்ஸ்பிரஸ் (வெயிட்டிங் லிஸ்ட்தான், கோடை லீவாச்சே). சனிக்கிழமை செமி, ஞாயிறு மாலை ஃபைனல், அன்றிரவே திரும்பும் ரயில்.

ஒரே பயம், ஷூட்-அவுட். ஆளுக்கு 8 விநாடி, அணிக்கு 5 பேர். அதிலும் சமநிலை என்றால் தொடரும். ரயில் நிற்குமா? லீவ் லெட்டர் ரெடி. வயிற்று வலியா, காய்ச்சலா என்பது மட்டும் பாக்கி.

"போறதுதான் போறே... கடலை மிட்டாய் ரெண்டு பாக்கெட்!" என்றார் ஹவுஸ் ஓனர்.