மோட்டாரை இறக்காதீங்க அண்ணாச்சி!

ஏப்ரல் பிறந்தால் ஊரிலிருந்து எனக்கு ஒரு போன் நிச்சயம். கல்யாணம், கோயில் கொடை, ஆஸ்பத்திரி செலவு எல்லாம் வருடம் முழுக்க வரும். ஏப்ரல் போன் மட்டும் கிணற்றுக்காக. இந்த வருடமும் தப்பவில்லை. பேசியது பெரியப்பா மகன். ஊரில் எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்வது அண்ணன்தான்.

"ஏ தம்பி, கெணத்துல தண்ணி கீழ போயிட்டு. மோட்டார் காத்த இழுக்கு. இன்னும் முப்பதடி இறக்கணும். குழாயும் வயரும் பத்தாது. ஒரு முப்பதாயிரம் போட்டு விடு."

வழக்கமாக மறுபேச்சு பேசாமல் அனுப்பிவிடுவேன். இந்தத் தடவை "பொறுங்கண்ணே, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அண்ணனுக்குக் கோபம். "தண்ணிக்கு என்னடே யோசனை?" என்று வைத்துவிட்டார்.

அந்த யோசனையைத்தான் இங்கே கொட்டுகிறேன். தாராவி, மாதுங்கா, செம்பூர், துபாய், சிங்கப்பூர் என்று எங்கெங்கோ உட்கார்ந்துகொண்டு ஊர்க் கிணற்றுக்குப் பணம் அனுப்பும் எல்லோருக்கும் இது பொருந்தும். திட்டுவதற்கு முன்னால் முழுக்கப் படித்துவிடுங்கள்.

எங்கள் ஊர் பாவூர்சத்திரம் பக்கம். வீட்டுக் கிணறு அறுபதடி. தாத்தா காலத்தில் கயிறும் வாளியும். அப்பா காலத்தில் மோனோபிளாக் மோட்டார். மேலே உட்கார்ந்து உறிஞ்சுகிற மோட்டாருக்கு ஒரு எல்லை உண்டு. காற்றழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது என்பதால் ஏட்டுக் கணக்கிலேயே 34 அடிக்கு மேல் ஏறாது. நடைமுறையில் 25 அடி வந்தால் பெரிது. அதனால் கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி மோட்டாரைக் கீழே இறக்கி வைத்திருந்தார் அப்பா. அதற்கும் கீழே போனால் நிறுத்திவிட்டு, ஊறும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை நாங்கள் தொல்லை என்று நினைத்தோம். உண்மையில் அதுதான் எங்கள் கிணற்றையும் அக்கம்பக்கத்துக் கிணறுகளையும் காப்பாற்றி வந்தது.

நீர்மூழ்கி மோட்டார் (ஊரில் எல்லோருக்கும் சப்மெர்சிபிள்தான்) வந்ததும் அந்த எல்லை போயே போச்சு. அது உறிஞ்சுவதில்லை, தண்ணீருக்குள்ளேயே கிடந்து மேலே தள்ளுகிறது. ஆழம் ஒரு பொருட்டே இல்லை. குழாய், வயர், நைலான் கயிறு வாங்கக் காசு இருந்தால் போதும். அந்தக் காசு யாரிடமிருந்து வருகிறது? நம்மிடமிருந்துதான்!

2016ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது ஞாபகம் இருக்கும். 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசே அறிவித்தது. அந்தக் கோடையில் நான் அனுப்பிய பணத்தில் கிணற்றின் அடியிலேயே இருநூறடிக்கு உள்போர் போட்டு, அதற்குள் புது சப்மெர்சிபிளை இறக்கினார்கள். தண்ணீர் கொட்டியது. அண்ணன் போனில் அந்தச் சத்தத்தைக் கேட்கவைத்தார். மாஹிமில் உட்கார்ந்து கேட்டபோது அவ்வளவு பெருமையாக இருந்தது.

அடுத்த வருடம் ஊருக்குப் போனபோதுதான் மேல வீட்டு ஆச்சியைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு மேற்கே அவர்கள் வீடு. நாற்பதடிக் கிணறு, மோட்டார் கிடையாது, இன்றும் வாளிதான். ஆச்சி எங்கள் கொல்லையில் குடத்தோடு நின்றார்கள். "கெணறு வத்திட்டுய்யா, ரெண்டு கொடம் பிடிச்சுக்கிடுதேன்" என்று என்னிடமே அனுமதி கேட்டார்கள். சின்ன வயதில் நான் தண்ணீர் குடித்து வளர்ந்த கிணறு அது.

எங்கள் போர்தான் காரணம் என்று கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. மழையும் குறைவுதான். ஆனால் ஓடும் போரைச் சுற்றி நிலத்தடி நீர்மட்டம் புனல் மாதிரி இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். புனலின் அடியில் இருப்பவனுக்குத் தண்ணீர், ஓரத்தில் இருப்பவனுக்கு வெறும் கிணறு. பிறகு நல்ல மழை பெய்த வருடங்களிலும் ஆச்சி கிணறு பழையபடி நிறையவில்லை. எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

இப்போது மாஹிம் கதை. எங்கள் பில்டிங்கில் மாநகராட்சித் தண்ணீர் காலையில் இரண்டு மணி நேரம். இரண்டு வருடத்துக்கு முன் கீழ்த்தளத்தில் ஒருவர் குழாயில் நேரடியாக பூஸ்டர் மோட்டார் மாட்டிவிட்டார். மூன்றாம் மாடியில் எங்களுக்குக் குழாயில் வெறும் புஸ்ஸ்... இரண்டாம் மாடிக்காரர் அவரும் ஒன்று மாட்டினார். சட்டப்படி இது குற்றம். சொசைட்டி மீட்டிங்கில் நான்தான் எழுந்து கத்தினேன். "எல்லாருக்கும் பொதுவான குழாய், காசு இருக்கிறவன் மட்டும் இழுத்துக்கொள்வதா?" என்று. கைதட்டல்கூட கிடைத்தது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் ஆச்சியின் குடம் ஞாபகத்துக்கு வந்தது. கீழ்த்தளத்துக்காரர் செய்ததைத்தானே நானும் ஊரில் செய்திருக்கிறேன்? அவராவது எதிரில் நின்று திட்டு வாங்கினார். நான் 1500 கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் இருந்ததால் தப்பித்தேன்.

சட்டம் என் பக்கம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். 1882ம் வருடத்து வசதியுரிமைச் சட்டம், அவனவன் நிலத்துக்கு அடியில் உள்ள தண்ணீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை அவனவனுக்கே தருகிறது. வாளியும் கமலையும் இருந்த காலத்துச் சட்டம்! தமிழ்நாட்டில் 2003ல் நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டம் இயற்றினார்கள். 2013ல் அதையும் ரத்து செய்துவிட்டார்கள்.

நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்தவன், கடன் பிரிவில் பல வருடம் குப்பை கொட்டியவன். கிணறு வெட்டக் கடன் கேட்டு வந்தால் நாங்கள் சும்மா கொடுப்பதில்லை. பக்கத்துக் கிணற்றுக்கும் இதற்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும், நபார்டு விதி அது. நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட வட்டாரமா என்றும் பார்க்க வேண்டும். ஆனால் மகன் பம்பாயிலிருந்து அனுப்பும் பணத்துக்கு விதி ஏது, விசாரணை ஏது? ஒரு வங்கி கொடுக்கத் தயங்குகிற கடனை நாம் ஒரே போனில் சாங்ஷன் செய்துவிடுகிறோம். நிலத்தடி நீர் ஊர் முழுக்கச் சேர்ந்து வைத்திருக்கும் ஜாயின்ட் அக்கவுன்ட். வசதி உள்ளவனிடம் மட்டும் செக்புக் இருக்கிறது. பாஸ்புக்கை யாரும் பார்ப்பதில்லை.

இறக்கிக்கொண்டே போவதற்கும் முடிவு உண்டு. தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலம் கடினப்பாறை. தண்ணீர் நிற்பது மேலே உள்ள மக்கிய பாறையிலும் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான். ஆழம் கூடக் கூட வெடிப்புகள் குறையும். சப்மெர்சிபிள் சூடு ஆறுவதும் சுற்றியுள்ள தண்ணீரால்தான். தண்ணீர் இல்லாமல் ஓடினால் காயில் கருகிவிடும். அடுத்த போன் அதற்கு வரும்.

அண்ணன் மறுநாளே கூப்பிட்டார். கேட்ட கேள்வி சுளீர் என்றிருந்தது. "தோட்டத்துக்காரன் இலவச கரண்டுல ராத்திரி பகலா ஓட்டுதான். அவன விட்டுட்டு குடிக்கத் தண்ணி கேக்கிற என்னத் தடுக்க. நீ மாஹிம்ல குழாயத் திறந்தா தண்ணி வருது, பேசமாட்டியா?"

நியாயம்தான். நான் குடிக்கும் தண்ணீரும் யோக்கியமான தண்ணீர் இல்லை. பாட்சா, தான்சா, வைதர்ணா என்று நூறு கிலோமீட்டர் வரை தள்ளியிருந்து வருகிறது. அந்த அணைகள் உள்ள ஷாஹாபூர் தாலுகாவின் கிராமங்களில் கோடை வந்தால் ஜனங்கள் டேங்கருக்குக் காத்து நிற்கிறார்கள். அதனால் நான் உபதேசம் செய்யவில்லை. தோட்டத்துக்காரன் செய்வதும் தப்பு, நாம் செய்வதும் தப்பு. அவன் தப்பால் நம்முடையது சரியாகிவிடாது. என் பணத்தை நிறுத்துவது மட்டும்தான் என் கையில் இருக்கிறது.

பணமே அனுப்பக் கூடாது என்று சொல்லவில்லை. முப்பதாயிரத்தை வேறு விதமாகச் செலவழிக்கலாம் என்கிறேன். கணக்கைப் பாருங்கள். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி என்பது 93 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்கு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். வருடம் 800 மில்லிமீட்டர் பெய்தால் 74,000 லிட்டர். வீணானது போக 60,000 என்று வையுங்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்குத் தினம் 400 லிட்டர் என்றால் 150 நாள் தண்ணீர்! 2003ல் கட்டாயமாக்கியபோது எல்லோரும் குழாய் மாட்டினோம். இன்று அது எந்த நிலையில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். எங்கள் வீட்டில் பாதிக் குழாயைக் காணோம் :-)

ஊரே சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதே மகாராஷ்டிராவில் ஹிவ்ரே பஜார் இருக்கிறது. அகமத்நகர் மாவட்டம், 2024ல் அகில்யாநகர் ஆகிவிட்டது. நம்மூரைவிட மழை குறைவு. போபட்ராவ் பவார் 1989ல் பஞ்சாயத்துத் தலைவரானார். மழைநீரைத் தடுத்து நிறுத்தினார்கள். விவசாயத்துக்கு போர் போடக் கூடாது, கரும்பு வாழை கூடாது என்று ஊரே முடிவெடுத்தது. வருடா வருடம் தண்ணீர் இருப்பைக் கணக்கிட்டுத்தான் பயிர் வைக்கிறார்கள். பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு செக் எழுதுகிற ஊர் அது.

கடைசியில் அண்ணனிடம் இப்படிச் சொன்னேன்: "பணம் அனுப்புறேண்ணே. ஆனா மோட்டார இறக்க வேண்டாம். கெணத்த தூர் வாருங்க. மாடித் தண்ணிக்குப் புதுக் குழாய் போட்டு, மணல் ஜல்லி வச்சு வடிகட்டி கெணத்துக்குள்ள விடுங்க. ஆச்சி வீட்டு மாடித் தண்ணிய அவங்க கெணத்துக்கு விடுங்க, அந்தச் செலவும் என்னோடது. மழை வரைக்கும் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் மட்டும் மோட்டார் போடுங்க. அதுல ஆச்சிக்கும் பங்கு உண்டு, கேக்காமலே."

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மழை பெய்யலன்னா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் மழை பெய்யாவிட்டால் முப்பதடி இறக்கிய மோட்டாருக்கும் பதில் இருக்காது.

கோடை லீவுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போனதும் வீட்டுக் கிணற்றை எட்டிப் பாருங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் எட்டிப் பாருங்கள். அப்புறம் முடிவு செய்யுங்கள், பணம் எதற்கு அனுப்புவது என்று.