"பின் வளைஞ்சிருக்கு, வாரண்டி வராது"

காரைக்குடிச் சொந்தங்களுக்கு மெல்பர்னிலிருந்து வணக்கம்.

நம்மூரில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து பிழைக்கிறான் ஒரு பையன். வாங்கிப் பத்தே மாதமான அவன் மதர்போர்டு ஒருநாள் காலையில் இயங்காமல் போனது. கடைக்காரர் "கம்பெனியைப் பாருங்க" என்றார். மதுரைக்குப் பஸ் ஏறினான். சர்வீஸ் சென்டர் கவுன்டரில் இருந்தவர், பிராசஸர் உட்காரும் சாக்கெட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தார். "பின் வளைஞ்சிருக்கு தம்பி. பிசிக்கல் டேமேஜ். வாரண்டி வராது." அந்தச் சாக்கெட்டில் முடியளவு பின்கள் ஆயிரத்துக்கு மேல். அதில் ஒன்று சாய்ந்திருந்தது. எப்போது சாய்ந்தது, அதனால்தான் போர்டு போனதா என்று யாரும் சொல்லவில்லை. அவனுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

போனில் இதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

ஆஸ்திரேலியாவில் 2011 முதல் நடப்பிலுள்ள நுகர்வோர் சட்டப்படி, பழுதான பொருளுக்கு விற்றவரே பதில் சொல்ல வேண்டும். கம்பெனியைக் கைகாட்டி ஒதுங்க முடியாது. எம்எஸ்ஒய் டெக்னாலஜி என்ற கணினிக் கடை, வாடிக்கையாளர்களுக்கு இந்த உரிமையைத் தவறாகச் சொன்னதற்காக 2017-இல் 7,50,000 டாலர் அபராதம் கட்டியது. 2011-இலும் அதே குற்றத்துக்கு அபராதம் கட்டிய கடைதான் அது. வெளியாளிடம் பழுது பார்த்ததைக் காரணம் காட்டி வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிய ஆப்பிளுக்கு 2018-இல் 90 லட்சம் டாலர்.

அங்கே சட்டம் இருக்கிறது, இங்கே ஏது என்று நினைக்க வேண்டாம். இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மதுரையில் மறுத்தாலும் புகாரை நம் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். வாங்குபவர் குடியிருக்கும் இடமே போதும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கடைக்காரர், கம்பெனி இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம். பழுது எதனால் என்பதில் சண்டை வந்தால், பொருளுக்கு முத்திரை வைத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. கவுன்டர்காரர் லென்ஸில் பார்த்துச் சொன்னது தீர்ப்பே அல்ல.

"தொழிலுக்கு வாங்கினதாச்சே, நுகர்வோர் ஆவானா?" என்று ஒரு மாமா கேட்டார். நல்ல கேள்வி. வியாபார நோக்கத்தில் வாங்கியதைச் சட்டம் விலக்கத்தான் செய்கிறது. ஆனால் சொந்த உழைப்பில் வயிறு கழுவ வாங்கிய கருவி அந்த விலக்கில் வராது என்றும் அதே சட்டம் சொல்கிறது. எடிட்டிங் பையனுக்கு, தையல் மெஷின் வாங்கிய அக்காவுக்கு எல்லாம் இது பொருந்தும்.

இனி யார் மதர்போர்டு வாங்கினாலும் பெட்டி பிரிக்கும்போதே சாக்கெட்டையும் சீரியல் நம்பரையும் போனில் படம் பிடித்துவிடுங்கள். சாக்கெட்டின் மேலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் குப்பையில் போடாதீர்கள்; அது இல்லாவிட்டால் போர்டைத் திரும்ப வாங்க மறுக்கும் கம்பெனிகள் உண்டு. வாரண்டியை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பையனின் மூடியும் பில்லும் பத்திரமாக இருக்கின்றன. மறுத்த நாளிலிருந்து இரண்டு வருஷம் அவனுக்கு அவகாசம். போர்டு பரண்மேல் கிடக்கிறது. பெரியவர் யாராவது ஒருவர் அவனைச் சிவகங்கைக்குக் கூட்டிப் போக வேண்டும்.

அன்புடன்,
மெல்பர்னில் வாழும் உங்கள் ஊர்க்காரன்