"நீ எந்த ஊரு?"



சிதம்பரம் வழியாகப் போகும் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸை எங்க தாத்தா இன்னும் 'போட் மெயில்' என்றுதான் சொல்வார். ரயிலுக்கும் போட்டுக்கும் என்ன சம்பந்தம்? 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அப்புறம் கொழும்புக்கு மறுபடி ரயில். எல்லாத்துக்கும் ஒரே டிக்கெட்!

ஆனால் தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஏழை ஜனங்கள் நேரே கப்பல் ஏறிவிட முடியாது. கங்காணி அவர்களை மண்டபத்தில் இறக்குவான். அங்கே ஒரு பெரிய முகாம். இருந்தது நம்ம மண்ணில். நடத்தியதோ அன்றைய இலங்கை அரசாங்கம்! துணியை வாங்கிக் கிருமி நீக்கி, குளிக்க வைத்து, அம்மை குத்தி, சில நாள் அடைத்து வைப்பார்கள். காலரா, அம்மை எதுவும் இல்லை என்று தெரிந்தால்தான் கப்பல். எந்தத் தோட்டத்துக்கு உரிய ஆள் என்று காட்ட நம்பர் போட்ட தகர வில்லை வேறு. (பார்சலுக்கு ஒட்டுகிற சீட்டு மாதிரி!) திருச்சி, சேலம், மதுரைக்காரர்களோடு நம்ம தென்னாற்காடு ஜனங்களும் அப்படித்தான் போனார்கள்.

இதை எதுக்கு இப்போ எழுதுறேன்? குறிஞ்சிப்பாடி, காட்டுமன்னார்கோவில், விருத்தாசலம் என்று நம்ம மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கு. அங்கிருந்து படிக்க வர்ற பிள்ளைகளை நம்மில் சிலர் 'ஏய் சிலோன்' என்று கூப்பிடுறோம். கிரிக்கெட்டில் ரன் அவுட் ஆனால் கூட 'உங்க ஊருக்கே போ' என்கிறோம். எந்த ஊருக்கு? அவங்க பிறந்ததே இங்க உள்ள ஆஸ்பத்திரியில்தானே!

கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்க. 1948-ல் இலங்கை போட்ட குடியுரிமைச் சட்டம், அந்தத் தேயிலை மலையில் உழைத்தவர்களை 'நீங்க இந்தியாக்காரங்க' என்று தள்ளியது. லட்சக்கணக்கானோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நின்றார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம்! மனுஷங்களை நெல் மூட்டை பிரிக்கிற மாதிரி பிரிச்சாங்க. அந்த ஜனங்களிடம் ஒரு வார்த்தை கேட்டாங்களா?

அப்படித் திரும்பியவர்கள் 'ராமானுஜம்' கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கி, அதே மண்டபத்தில் தங்கினார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு படகில் தப்பி வந்தவர்களுக்கும் முதல் பதிவு மண்டபத்தில்தான். 2022-ல் அங்கே பொருளாதார நெருக்கடி வந்தபோது தனுஷ்கோடி மணல் திட்டில் குழந்தையோடு இறங்கியவர்களையும் அங்கேதான் கொண்டு போனாங்க. இப்போது முகாம்களில் இருப்பவர்களில் மலையகத் தமிழர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. அதாவது இங்கிருந்து கூலிக்குப் போனவங்களோட பேரப்பிள்ளைகள். அங்கே 'இந்தியாக்காரன்', இங்கே 'சிலோன்காரன்'. அப்போ அவங்க ஊர் எது? கடலா?

சட்டம் என்ன சொல்லுது என்று சமூக அறிவியல் சாரிடம் கேட்டேன். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தால் அப்பா, அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்கணும். 2004 டிசம்பருக்குப் பின் விதி இன்னும் கடுமை. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு அக்கா பாஸ்போர்ட் கேட்டு ஐகோர்ட் மதுரைக் கிளைக்குப் போய் 2022-ல் ஜெயிச்சாங்க. 2024 தேர்தலில் திருச்சியில் முதல் முறையாக ஓட்டுப் போட்டாங்க. சந்தோஷம்தான். ஆனா நம்மகூட உட்கார்ந்து படிக்கிறவங்க எல்லாம் 2004-க்குப் பின் பிறந்தவங்க. அவங்களுக்கு அந்த வழி கிடையாது. முதல் மார்க் எடுத்தாலும் அரசு வேலைக்கு மனு போட முடியாது. 2021-ல் முகாம் பேரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாத்தினாங்க. பேர் நல்லா இருக்கு. குடியுரிமை இல்லாமல் என்ன மறுவாழ்வு? இங்கேயே பிறந்து வளர்ந்தவங்களுக்கு, கேட்டால் குடியுரிமை கொடுக்கணும். திரும்பிப் போக விரும்புறவங்க போகட்டும். அது அவங்க இஷ்டம். இதுதான் என் கருத்து.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் ஏஞ்சல் தீவு என்று ஒன்று. 1910 முதல் 1940 வரை சீனாவிலிருந்து வந்தவர்களை அங்கே அடைத்து வைத்து விசாரித்தார்கள். அவர்கள் மனக்குமுறலை மரச்சுவரில் கவிதையாகச் செதுக்கினார்கள். இன்றைக்கு அது மியூசியம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் டூர் போய்ப் பார்க்கிறார்கள். மண்டபத்தைப் பற்றி நம்ம யாருக்காவது ஒரு வரி தெரியுமா?

இந்த வருஷமும் டூர் ராமேஸ்வரம்தான் என்று பேசிக்கிறாங்க. கோயில், தீர்த்தம், பாம்பன் பாலத்தில் போட்டோ, எல்லாம் சரி. போகிற வழியில் மண்டபத்தில் பத்து நிமிஷம் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி ஆசிரியர்களிடம் கேட்போமா? முகாமுக்கு உள்ளே விடமாட்டாங்க. ரோட்டில் நின்னே பார்க்கலாம். அப்படியே, முகாமிலிருந்து வர்ற நம்ம நண்பர்களுக்கும் டூர் பணம் சேர்க்க இன்னையிலிருந்தே ஆளுக்குப் பத்து ரூபாய் போடுவோம். உண்டியல் பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவில், ஜன்னல் பக்கம் இருக்கு.

– பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி