பேச ஓர் அறை

நாவலப்பிட்டியில் என்னிடம் தமிழ் பயிலும் மாணவி ஒருத்தியின் தாய் வளைகுடா நாட்டில் வீட்டுப்பணி செய்கிறாள். தந்தையோ குடிக்கு அடிமை. மனம் நொந்திருந்த அவளுக்கு, அங்கொடைத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணை நானே எழுதிக் கொடுத்தேன். "எங்கே நின்று பேசுவது, ஐயா?" என்றாள்.

சுமித்ரயோ அன்பர்கள் 1974 முதல் இந்நாட்டில் துயருற்றோர்க்குச் செவிசாய்த்து வருகின்றனர். இன்று இணையவழி உளவளத்துணையும் வந்துவிட்டது. ஆயினும், 10 அடிக்கு 12 அடி லயக் காம்பராவில், பாட்டியும் தம்பியும் அருகிருக்க, சுவருக்கப்பால் அயலார் இருக்க, எந்தப் பெண் வாய்திறப்பாள்? இதனை நினையாது எண்ணை மட்டும் கொடுத்த என் பேதைமையை என்னென்பது!

பள்ளி விட்டபின், கதவடைத்துப் பேச ஓர் அறையைத் தோட்டப் பாடசாலைகள் ஒதுக்கலாகாதா? எங்கள் நூலகத்தின் பின்னறைச் சாவியை அதிபரிடம் கேட்டிருக்கிறேன்.